முப்பத்தொன்றாம் வாரம்

2024 பிப்ரவரி 5, திங்கள்

இன்று என்னைப் பற்றிய அடிக்குறிப்பில் ஓர் ஒற்றுப்பிழையைத் திருத்தினேன்.

டி.டி.பி. சென்டரில் கொடுத்த கட்டைப் பிரித்துப் பார்க்காமல்தான் வாங்கி வந்தேன். வழக்கமாகப் பத்தாம் வகுப்பு நோட்ஸ் வரும், இல்லாவிட்டால் ஏதாவது ஒரு கோயிலின் தலபுராணம். இந்த முறை அறுநூறு பக்க மெய்ப்பு. ‘அரசலாற்று வீடு’, ஆய்வுப் பதிப்பு. எழுதியவர் சாரநாதன். பதிப்பாசிரியர் முனைவர் ந. குணசீலன். மாதக் கடைசிக்குள் திருத்தித் தர வேண்டும்; மார்ச்சில் சென்னையில் வெளியீட்டு விழாவாம். இந்த நாவலுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று சென்டர்காரருக்குத் தெரியாது. மதுரையில் யாருக்கும் தெரியாது.

நாற்பத்தேழாம் அடிக்குறிப்பு: “தொடர்கதையின் முப்பத்தொன்றாம் வாரத்தில், நாயகி அலமேலு திருமணத்துக்கு முதல் நாள் பஸ் நிறுத்தத்தில் காத்திருக்கும் காட்சி ஒன்று இருந்தது என்றும், நூலாக்கும்போது ஆசிரியர் அதை நீக்கிவிட்டார் என்றும் ப. சங்கரலிங்கம் என்ற ஆய்வு மாணவர் 1998இல் எழுதினார். பத்திரிகையின் மூல இதழில் அப்படி எதுவும் இல்லை. அப்பகுதியை புனைந்தவர் அவரே.”

‘அப்பகுதியை’ என்பதற்குப் பின்னால் ப் போட்டேன்.

குணசீலனும் நானும் ஒரே விடுதி அறையில் நான்கு வருடம் இருந்தவர்கள். என் ஆய்வேட்டை முதலில் படித்தவனும் அவன்தான். படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சென்னைக்கு ரயிலேறினான். ஒரு நூலகத்தில் அந்தப் பத்திரிகையின் பழைய இதழ்களைத் தேடி, முப்பத்தொன்றாம் வாரத்தை நகலெடுத்து வந்தான். அதை என்னிடம் காட்டவில்லை, நெறியாளரிடம் காட்டினான். “உன் மூலத்தைக் கொண்டு வா” என்றார் அவர். என்னால் கொண்டு போக முடியவில்லை. ஆய்வேடு போயிற்று. அடுத்த வருடம் துறையில் காலியான இடத்துக்கு அவன் போனான். நான் ஒற்றுப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

குணசீலன் பொய் சொன்னான் என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. ஆனால் நானும் பொய் சொல்லவில்லை. அதை நிரூபிக்க உலகத்தில் ஒரே ஒரு புத்தகம் இருந்தது. அதை என் அக்கா பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டாள்.

பிப்ரவரி 7, புதன்

கடைவாய்ப் பல் வலி. கிராம்பு வைத்துக்கொண்டு எண்பத்து நான்கு பக்கம் முடித்தேன். கேஸ் தீர்ந்துவிட்டது. மெஸ்ஸில் ரசம் மட்டும் வாங்கிக் குடித்தேன்.

பிப்ரவரி 10, சனி



பழைய புத்தகம் வாங்கி விற்பவர்களுக்கென்று ஃபேஸ்புக்கில் ஒரு குழு இருக்கிறது. நான் எதையும் வாங்குவதில்லை. யார் யாருடைய அலமாரிகள் காலியாகின்றன என்று பார்த்துக்கொண்டிருப்பேன். இன்று காலை கோவில்பட்டியிலிருந்து காஜா மைதீன் என்பவர் போட்டிருந்த பதிவு இது:

“விற்பனைக்கு. அரசலாற்று வீடு, சாரநாதன். பழைய நாவல், கெட்டி அட்டை. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கிழித்து பைண்டு செய்தது. ஓவியங்களுடன். நடுவில் எட்டுப் பக்கம் கையெழுத்து. நிலைமை பரவாயில்லை.”

நான்கு புகைப்படங்கள். முதல் படத்தில் சிவப்புக் காலிகோத் துணி ஒட்டிய முதுகு. அதில் பொன்னெழுத்தில் ‘அரசலாத்து வீடு’. பைண்டர் பேச்சு வழக்கிலேயே அடித்துவிட்டான் என்று அப்பா அவனோடு சண்டைக்குப் போனது எனக்கு நினைவிருக்கிறது. இப்படி ஒரு முதுகு வேறு எங்கும் இருக்க முடியாது.

அது எங்கள் வீட்டுப் புத்தகம். எழுபத்தெட்டு, எழுபத்தொன்பதில் அந்தத் தொடர் வந்தபோது நாங்கள் பாளையங்கோட்டையில் இருந்தோம். அம்மா ஒவ்வொரு வாரமும் கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் அடுக்கி வைப்பாள். முப்பத்தொன்றாம் வாரம் பத்திரிகை வரவில்லை. ஏஜென்டுக்கும் அப்பாவுக்கும் ஏதோ தகராறு. கதை முடிந்து பைண்டிங்குக்குக் கொடுக்கும்போது அந்த ஒரு வாரம் இல்லாமல் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. அக்கா உலகம்மாள் அப்போது எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். பதினைந்து வயது. “டீச்சர் வீட்டு புஸ்தகத்தப் பாத்து எழுதிட்டேம்மா” என்று எட்டுப் பக்கம் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா அதையும் நடுவில் வைத்துத் தைக்கச் சொன்னாள். அந்தக் காலத்தில் விட்டுப்போன வாரத்தை இப்படிக் கையால் எழுதிச் சேர்ப்பது எத்தனையோ வீடுகளில் நடந்ததுதான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பதின்மூன்றாம் வயதில் படித்தேன். கல்லூரியில் சேர்ந்த பிறகு, அந்த எட்டுப் பக்கத்தையும் என் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். இன்றும் மனப்பாடம்:

“மூன்று பஸ்கள் வந்தன. மூன்றிலும் இடம் இருந்தது. அலமேலு வீட்டுக்குத் திரும்பியபோது தார்சாவில் இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் போனதை யாரும் பார்க்கவில்லை. ஆகவே அவள் வந்ததையும் யாரும் பார்க்கவில்லை.”

அச்சில் வந்த நாவலில் இது இல்லை என்று கண்டபோது என் ஆய்வேடு அங்கேயே பிறந்துவிட்டது. 98இல் நெறியாளர் மூலத்தைக் கேட்டதும் அக்காவுக்கு எழுதினேன். கல்யாணமாகிக் கோவில்பட்டிக்குப் போகும்போது அந்தப் புத்தகத்தை அவள்தான் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தாள். ஓர் அஞ்சலட்டையில் பதில் வந்தது. வீடு மாறும்போது பழைய பேப்பருக்குப் போட்டாச்சு, மன்னிச்சுக்கோ.

அதன் பிறகு நான் அவளுக்கு எழுதவில்லை. அத்தான் இறந்தபோது போகவில்லை. அவள் மகன் கல்யாணப் பத்திரிகை வந்தது; அது எங்கோ கிடக்கிறது.

போடவில்லை. இருபத்தாறு வருடம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பிப்ரவரி 11, ஞாயிறு

காஜா மைதீனோடு பேசினேன். சென்னையிலிருந்து ஒரு புரொபசர் ஏற்கெனவே கேட்டிருக்கிறாராம். பெயர் கேட்டேன். குணசீலன்.

கூரியரில் போட வேண்டாம், நேரில் வருகிறேன் என்றேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

கோவில்பட்டி போய்வந்தேன். கடை என்று எதுவும் இல்லை. வீட்டின் முன்னறை முழுக்கப் புத்தகம். காஜா மைதீனுக்கு நாற்பது வயதிருக்கும். புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டார்.

“சென்னைக்காரரு நேத்து ரெண்டு தடவ பேசிட்டாரு அண்ணாச்சி. நீங்க என்னடான்னா பஸ் ஏறி வந்து நிக்கிய. நான் யாருக்குக் குடுக்க?”

“அது எங்க வீட்டுப் புத்தகம்.”

“வாங்க வர்ற பாதிப் பேரு இப்படித்தான் சொல்லுதாவ. எங்க தாத்தா புஸ்தகம், எங்க மாமா புஸ்தகம்னு.”

“முதுகில அரசலாத்துன்னு இருக்கு. அந்த பைண்டர் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் இருந்தான். ஒரு கண்ணு தெரியாது. எங்க அப்பா அவனோட சண்டை போட்டாங்க.”

அவர் கையை எடுத்துவிட்டார்.

“அப்பம் நீங்க இதக் குடுத்துட்டுப் போன அந்தம்மா தம்பியா?”

நான் புத்தகத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

“அந்தம்மா வீட்ட காலி பண்ணிட்டு மகன்கூட ஓசூருக்குப் போறாவ. பாத்திரம், கட்டில் எல்லாத்தையும் வேற ஆளுக்குக் குடுத்துட்டு, இத மட்டும் கையில தூக்கிட்டு வந்தாவ. நெட்டுல போடுவேளான்னு கேட்டாவ. போட்டோ எடுக்கும்போது கையெழுத்துப் பக்கத்தையும் எடுத்துப் போடுங்கன்னு ரெண்டு தடவ சொன்னாவ. அட்டையும் படமும் போதும்மா, இத எவன் பாப்பான்னேன். பாக்க வேண்டிய ஆளு பாப்பாவன்னுட்டாவ.”

விலையை ஏற்றுவதற்கான பேச்சு என்று நினைத்துக்கொண்டேன். சொன்ன விலையைக் கொடுத்தேன். வீடு இரண்டாவது சந்தில்தான் இருக்கிறது என்று கையை நீட்டிக் காட்டினார். நான் அந்தப் பக்கம் திரும்பாமல் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் புத்தகத்தைத் திறக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். விருதுநகர் தாண்டியதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

பிப்ரவரி 14, புதன்

குணசீலனுக்கு மூன்று பக்கக் கடிதம். “என் மூலம் என் கையில் இருக்கிறது. நான் புனைந்தேன் என்று நீ அச்சேற்றப்போகும் பகுதி, எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது இன்னொருவர் கையெழுத்தில் தைக்கப்பட்டது.” நல்ல கடிதம். ஒரு வார்த்தைகூட மிகையில்லை. வெளியீட்டு விழா மேடையில் இதை அவனே படிக்க வேண்டும் என்று கடைசிப் பத்தியில் கேட்டிருந்தேன்.

மேற்கோள் சரியாக இருக்கிறதா என்று ஒத்துப் பார்க்க முப்பத்தொன்றாம் வாரத்தைத் திறந்தேன். கோடு போட்ட நோட்டுத் தாள். நீல மை பழுப்பாகியிருக்கிறது. நிறைய அடித்தல் திருத்தல்.

கண் வலி. மூடிவிட்டேன்.

பிப்ரவரி 15, வியாழன்

தண்ணீர் லாரி வரவில்லை. கடிதத்தைத் தபாலில் சேர்க்கவில்லை. தபால் நிலையம் திறந்துதான் இருந்தது.

பிப்ரவரி 17, சனி

இருபத்தைந்து வருடமாக நான் செய்வது ஒரே வேலை: ஒன்றைப் பார்த்து மற்றொன்று சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது. பார்த்து எழுதுகிறவர்கள் செய்யும் பிழைகள் எனக்குத் தெரியும். கண் ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்குத் தாவும். ஒரே சொல் இரண்டு முறை விழும். ஒரு வரி முழுதாக விட்டுப்போகும். இந்த எட்டுப் பக்கத்தில் அப்படி ஒன்றுகூட இல்லை.

வேறு மாதிரியான பிழைகள் இருக்கின்றன. ‘ஒரு பஸ் வந்தது’ என்று எழுதி அடித்திருக்கிறது. மேலே ‘இரண்டு பஸ்கள்’ என்று எழுதி அதையும் அடித்திருக்கிறது. பிறகுதான் ‘மூன்று’. ‘அவள் அழுதாள்’ என்ற வாக்கியம் மை தாளைக் கிழிக்கும் அளவுக்கு அடிக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பதிலாக எதுவும் எழுதவில்லை. ஏழாம் பக்க ஓரத்தில் சின்ன எழுத்தில் ‘அப்பா பார்த்தால்?’ என்று ஒரு கேள்வி. அதற்கு அடியில், ‘பார்க்க மாட்டார்’.

அச்சில் இருப்பதைப் பார்த்து எழுதுகிறவள், எத்தனை பஸ் என்று ஏன் யோசிக்க வேண்டும்? அன்று நோட்டில் எழுதியபோது அடித்தவற்றை நான் பொருட்படுத்தவே இல்லை.

காரணங்கள் இருக்கலாம். தூக்கக் கலக்கத்தில் எழுதியிருக்கலாம். டீச்சர் வீட்டிலிருந்த இதழ் வேறு அச்சாக இருந்திருக்கலாம். அந்தப் பத்திரிகைக்கு அப்போது திருநெல்வேலிப் பதிப்பு என்று தனியாக ஒன்று இருந்ததா என்று விசாரிக்க வேண்டும்.

தார்சா இன்னொரு சிக்கல். வீட்டின் முன்கூடத்தைத் தார்சா என்று எங்கள் பக்கத்தில்தான் சொல்வார்கள். கதை நடப்பதோ கும்பகோணத்தில். சாரநாதனும் அந்தப் பக்கத்துக்காரர். அந்தச் சொல்லுக்காகவே ஆய்வேட்டில் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். சாரநாதன் இளமையில் சில காலம் நெல்லையில் தங்கியிருக்க வேண்டும் என்று நிறுவினேன். தங்கினார் என்பதற்கு இருந்த ஒரே சான்று அந்தச் சொல்தான். குணசீலன் அந்தப் பக்கங்களின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தான்.

பொய் சொன்னதற்கு அக்காவிடம் விளக்கம் கேட்க வேண்டும். நாளை போகிறேன். அதற்காக மட்டும்தான்.

பிப்ரவரி 18, ஞாயிறு

கதவைத் திறந்தவள் ‘வா’ என்றுகூடச் சொல்லவில்லை.

“பல்லு வலியா?” என்றாள்.

கன்னம் வீங்கியிருந்தது எனக்கே தெரியாது.

வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். உட்கார ஒரே ஒரு ஸ்டூல் மிச்சமிருந்தது. அதை என் பக்கம் தள்ளிவிட்டு அவள் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. பையிலிருந்து புத்தகத்தை எடுத்து எங்களுக்கு நடுவில் தரையில் வைத்தேன்.

“பழைய பேப்பருக்குப் போட்டதா எழுதினே.”

“ஆமா. எழுதினேன்.”

“எதுக்குப் பொய்?”

“நீ லெட்டர்ல என்ன எழுதியிருந்தேன்னு ஒனக்கு ஞாபகம் இருக்கா?”

“புத்தகத்தை அனுப்புன்னு எழுதினேன்.”

“அதுக்கு முன்னால. சாரநாதன் எழுதினதுலயே இந்த எட்டுப் பக்கம்தான் உச்சம், இதுக்கு மேல தமிழ்ல எவனும் எழுதலன்னு எழுதியிருந்தே. அதப் படிச்சிட்டு அடுக்களையில போயி உக்காந்துட்டேன் பாத்துக்கோ. சிரிப்பா வருதா அழுகையா வருதான்னு எனக்கே தெரியல. புஸ்தகத்த அனுப்பினா பாத்த ஒடனே கண்டுபிடிச்சிருவே. பெரிய படிப்பு படிச்சவன், ஒனக்குத் தெரியாமலா போவும்? கண்டுபிடிச்சிட்டா எழுதினதெல்லாம் வீணாப் போச்சேன்னு கெடந்து சாவே. அனுப்பலன்னா ஒருத்தருக்கும் தெரியாது, நீ டாக்டர் ஆயிருவேன்னு நெனச்சேன். ஒங்கூட இருந்தவன் மெட்ராஸ் வரைக்கும் போயி தேடுவான்னு நான் கண்டேனா?”

“பிறகாவது சொல்லியிருக்கலாம்.”

“பிறவு நீ எங்க லெட்டர் போட்டே? அவுக வேற சொல்லிக்கிட்டே இருப்பாவ, தம்பி வாழ்க்கையத் தொலச்சவ நீதான்னு. புஸ்தகத்தப் பேப்பர்காரனுக்குப் போட்டதுக்கே அந்தப் பேச்சு. இதச் சொன்னா?”

நான் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“டீச்சர் வீட்டுல பார்த்து எழுதினேன்னு அம்மாகிட்டச் சொன்னியே.”

“போனேன். டீச்சர் புஸ்தகத்த எல்லாம் எடைக்குப் போட்டுட்டாவ. வெறுங்கையோட வந்தா அம்மா கெடந்து குதிப்பா. முப்பதாவது வாரத்துல விடிஞ்சா கல்யாணம். முப்பத்தி ரெண்டாவதுல கல்யாணம் முடிஞ்சுட்டு. நடுவுல என்ன நடந்திருக்கும்னு எனக்குத் தெரியாதாக்கும்?”

“எப்படித் தெரியும்?”

“பிளஸ் ஒன்னுக்கு அப்ளிகேஷன் குடுக்கக் கடைசி நாளு. மார்க் ஷீட்ட பாவாடையில சொருகிக்கிட்டு பஸ் ஸ்டாப்புல போயி நின்னேன். ஒனக்கு அன்னிக்குக் காய்ச்சல். வீட்டுல எல்லாரும் ஒங்கிட்ட இருந்தாவ.” பக்கத்துப் பெட்டியின் கயிற்றை இறுக்கிக் கட்டினாள். “மூணுலயும் எடம் இருந்துச்சுடா.”

“தார்சான்னு எழுதியிருக்கே. கும்பகோணத்து வீட்டுல தார்சா கிடையாது” என்றேன்.

“அங்க என்னன்னு சொல்லுவாவ?”

“கூடம்.”

“அப்படியா?” என்றாள். “எனக்கு என்ன தெரியும்? நான் எங்க போனேன்?”

புதிய பதிப்பு வரப்போவதையும் அடிக்குறிப்பில் என் பெயர் எப்படி இருக்கிறது என்பதையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

“நெசம்மாவே நல்லாருந்துச்சா சங்கரா? இல்ல, அவரு எழுதினதுன்னு நெனச்சதனால நல்லாருந்துச்சா?”

பல் வலி தாங்க முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். இரண்டு நாள் கூழ்.

பிப்ரவரி 21, புதன்

குணசீலனைக் கூப்பிட்டேன். மூன்று பக்கக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, நடந்ததை மட்டும் சொன்னேன். வாயில் பஞ்சு இருந்ததால் மெதுவாகத்தான் பேச முடிந்தது. அது அமைதியாகப் பேசுவது போல இருந்திருக்கும்.



“அப்ப நீ எழுதல” என்றான்.

“நான் எழுதலன்னுதான் அன்னிக்கும் சொன்னேன்.”

“நான் நம்பல.”

“தெரியும்.”

“உங்கிட்ட முதல்ல கேட்டிருக்கணும்ப்பா. கேட்காம சார்கிட்ட கொண்டுபோனது தப்பு.”

இருபத்தாறு வருடமாக நான் மனத்துக்குள் அவன் வாயால் சொல்லவைத்துப் பார்த்த வாக்கியம். கேட்டதும் ஒன்றும் ஆகவில்லை. எதிர்வீட்டு மாடியில் யாரோ வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இப்ப ரெண்டு வழி இருக்கு” என்றான். “அந்த அடிக்குறிப்பையே எடுத்துடலாம். உன் பேரு எங்கயும் வராது. முடிஞ்சு போச்சு. இல்லன்னா, நடந்ததை நடந்தபடி போடலாம். போட்டா அக்கா எழுதின எட்டுப் பக்கத்தையும் பின்னிணைப்பாக் குடுக்கலாம். படிச்சவங்க பேசுவாங்க, அது நிச்சயம். ஆனா உன் பேரும் வரணும். பதினஞ்சு வயசுப் பொண்ணு எழுதினதை சாரநாதன் எழுதினதுன்னு நம்பி ஒருத்தன் ஆய்வேடே எழுதினான்னு வரும். சிரிப்பாங்கப்பா. நான் உனக்காகத்தான் சொல்றேன்.”

“யோசிச்சுச் சொல்றேன்.”

“மெய்ப்பு உங்கிட்டயா இருக்கு? எனக்குத் தெரியவே தெரியாது. நீயே எப்படி வேணுமோ மாத்தி அனுப்பிடு. நான் ஒன்னும் கேட்க மாட்டேன்.”

பிப்ரவரி 23, வெள்ளி

நாற்பத்தேழாம் அடிக்குறிப்பை முழுதாக அடித்தேன். நாற்பத்தெட்டை நாற்பத்தேழாக்கி, நூற்றுப் பன்னிரண்டு வரை எண்களை மாற்றினேன். பக்கம் இப்போது சுத்தமாக இருக்கிறது. அங்கே ஒன்று இருந்ததாகவே தெரியவில்லை.

நான் கேட்டது இதைத்தான். மோசடிக்காரன் என்ற பட்டம் போயிற்று. முட்டாள் என்ற பட்டம் வரவில்லை.

பிப்ரவரி 24, சனி

மெய்ப்பைக் கொடுக்கக் கிளம்பினேன். சென்டர் பூட்டியிருந்தது. உரிமையாளர் வீட்டில் காதுகுத்து.

பிப்ரவரி 25, ஞாயிறு

அக்கா போன் செய்தாள். ஓசூருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆறாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு ஜன்னல்தான் தெரிகிறதாம். பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. மருமகள் காலையில் கிளம்பினால் இருட்டித்தான் வருகிறாள். பல் எப்படியிருக்கிறது என்று கேட்டாள். பிடுங்கியாயிற்று என்றேன்.

“அந்தப் புஸ்தகம் அச்சாயிட்டா?”

“இன்னும் இல்ல.”

“எம் பேரு வருமா?”

மேசைமேல் இருந்த மெய்ப்புக் கட்டைத் தள்ளி வைத்தேன்.

“இல்ல, சும்மா கேட்டேன். வந்தா எல்லாரும் என்ன நெனப்பாவளோன்னு இருக்கு. வயசான காலத்துல என்னத்துக்கு? எம் பேரு கல்யாணப் பத்திரிகையிலதான் வந்துருக்கு, ரெண்டு தடவ. எனக்கு ஒண்ணு, என் மவனுக்கு ஒண்ணு. ரேஷன் கார்டுலகூட தப்பாத்தான் இருக்கு, உலகம்மா ஒலகம்மான்னு.” சிரித்தாள். “ஒனக்குக் கொறச்சலுன்னா வேண்டாம்டா. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். வைக்கட்டா?”

வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 26, திங்கள்

புத்தகத்தை எடுத்து எட்டுப் பக்கத்தையும் முதல் முறையாக அவள் எழுதியது என்று தெரிந்தே படித்தேன். படிப்பதற்குமுன் எனக்குப் பயமாக இருந்தது என்பதை எழுதி வைக்க வேண்டும். சின்னப் பெண் எழுதியது என்று தெரிந்த பிறகு அது சின்னப் பெண் எழுதியதாகத் தெரிந்துவிடுமோ என்று பயம். தெரிந்துவிட்டால் நல்லது என்றும் ஓர் எண்ணம். அப்படியானால் இருபத்தாறு வருடம் நான் கொண்டாடியது ஒன்றுமில்லாத எதையோ. அவளுக்கு நான் ஒன்றும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு முறை படித்தேன்.

பிறகு குளித்துவிட்டு வந்து கணினியில் தட்டச்சு செய்யத் தொடங்கினேன்.

பிப்ரவரி 28, புதன்

எட்டுப் பக்கமும் முடிந்தது. அடித்ததை அடித்ததாகவும் திருத்தியதைத் திருத்தியதாகவும் கொடுத்திருக்கிறேன். ‘அப்பா பார்த்தால்?’ என்பதையும் விடவில்லை. தலைப்பு: பின்னிணைப்பு 4. அடிக்குறிப்பு எண்களை நாற்பத்தேழிலிருந்து மறுபடி பழையபடி மாற்றினேன்.

பெயர் போடும் இடத்தில் நின்றுவிட்டேன். ஓசூருக்கு போன் செய்தேன்.

“இனிஷியல் என்ன போட?”

“எதுக்கு?”

“அச்சுல.”

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை நிறுத்தினாள்.

“அத எழுதும்போது எனக்குக் கல்யாணம் ஆவலியே சங்கரா” என்றாள். “அப்பா இனிஷியலே போடு.”

சென்டரில் கட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். அடிக்குறிப்பின் புதிய வடிவத்தை இங்கேயும் எழுதி வைக்கிறேன். காலையிலேயே குணசீலனுக்குப் போனில் அனுப்பியிருந்தேன்; அவன் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

“47. ஒரு வாசகர் வீட்டில் பைண்டு செய்யப்பட்ட பிரதியில் முப்பத்தொன்றாம் வாரம் விட்டுப்போயிருந்தது. அந்த இடத்துக்கு ப. உலகம்மாள் (பாளையங்கோட்டை, அப்போது வயது 15) தாமாகவே எழுதிச் சேர்த்த பகுதி பின்னிணைப்பில் முழுமையாகத் தரப்பட்டுள்ளது. இதைச் சாரநாதனின் எழுத்து என்றும், இந்நாவலின் ஆகச் சிறந்த பகுதி என்றும் ப. சங்கரலிங்கம் 1998இல் எழுதினார். முன்னது பிழை.”